வலப்பக்கம் வண்டி வராத வழி

தெருவில் நீட்டியிருந்த பாவு நூலை அன்று காலை நான் பார்க்கவில்லை. என் நோய் எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

ஆரணியில் வெயில் ஏறுவதற்கு முன்பே பாவு நீட்டிவிடுவார்கள். பாவு என்பது புடவையின் நீளவாக்கு நூல். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டு நூலை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, சிக்கு எடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, பிறகு சுருட்டி உள்ளே எடுத்துப்போவார்கள். அந்த நேரத்தில் வண்டியில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் ஊர் வழக்கம். எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. சாயப்பட்டறையிலிருந்து சாயம் போட்ட நூலை மொபெட்டில் ஏற்றி தறி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை.

அன்று இடப்பக்கம் ஆட்கள் நின்றது தெரிந்தது. வலப்பக்கம் காலியாக இருக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கம் ஒதுங்கினேன். நேராகப் பாவுக்குள் போய் விழுந்தேன்.

"யோவ், எங்கய்யா பூர்ற?" என்று பாவுக்காரர் கத்தினார்.

"இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இன்னா ஆச்சாம்! காலங்காத்தால ஏத்திகினு வந்துட்டு கேக்குறான் பாரு."

அவருடைய மனைவி என் முகத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். "வாசனை ஒண்ணும் வரலியே. வேற இன்னாத்தையோ போட்டுகினு வந்துகீறான்" என்றாள். கூட்டம் சிரித்தது. என் முழங்கை சிராய்ந்திருந்தது. பச்சை நூல் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிய உட்கார்ந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனேன். முந்தின நாளிலிருந்து பின்மண்டையில் வலி இருந்தது. வெயில் என்று நினைத்திருந்தேன்.

கண்ணில் கோளாறோ என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் படித்தேன். வயசாயிடுச்சு என்று ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சேவூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பெயர் எஸ்தர். அங்கன்வாடியில் உதவியாளர். மாமாவுக்குச் சென்னையில் வாட்ச்மேன் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். எனக்கு வேறு உறவு கிடையாது.

சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்தேன்.

"பொரியல் புடிக்கலியா?" என்றாள்.

"நீ எங்க பொரியல் வெச்ச?"

அக்கா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தட்டின் வலது ஓரத்தில் அவரைக்காய்ப் பொரியல் அப்படியே இருந்தது. அவள் தட்டை அரை வட்டம் திருப்பினாள். பொரியல் வந்தது. மிச்சமிருந்த சோறு காணாமல் போனது.

மறுநாள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

*

அங்கே ஒரு பெண் மருத்துவர் என் முன்னால் உட்கார்ந்து, அவருடைய மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்து விரலை ஆட்டினார். என் இடப்பக்கத்து விரல் ஆடியது. மற்றது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. இரண்டு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்த்தும் அப்படித்தான். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்.

எனக்கு வந்தது ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது). கை கால் விழுந்தால்தான் ஸ்ட்ரோக் என்று நான் நினைத்திருந்தேன். மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கான இடத்தில் அடைத்தால் கை கால் நன்றாக இருக்கும், பார்வையில் ஒரு பக்கம் போய்விடும் என்றார். அதற்குப் பெயர் ஹெமியனோப்பியா (இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி தெரியாமல் போவது). கண்ணில் கோளாறு இல்லை. அதனால் கண்ணாடியால் பயன் இல்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இது வந்திருந்தால், சுற்றி இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பக்கம் கறுப்பா தெரியுதா?" என்பதாக இருக்கும். கறுப்பாகத் தெரிவதில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? அப்படித்தான். அங்கே ஒன்றும் இல்லை. இல்லை என்பதும் தெரிவதில்லை. பொரியல் வைக்கவில்லை என்று நான் சொன்னது அதனால்தான்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எனக்கு இருந்திருக்கின்றன. நான் எங்கேயும் போய்ப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். லாரியில் கிளீனராக ஒரிசாவரை போனேன். ஓசூரில் கல் உடைத்தேன், பெங்களூரில் ஓட்டலில் மாவு அரைத்தேன், கொஞ்ச காலம் ஐஸ் வண்டி தள்ளினேன். ஓர் இடத்தில் நிலையாக இருக்க எனக்கு வராது. ஆரணிக்குத் திரும்பியதுகூட, நூல் போடும் வேலையில் நாள் முழுக்கச் சுற்றலாம் என்பதால்தான். அப்படிப்பட்டவனிடம் அந்த மருத்துவர் சொன்னார்:

"இனிமே வண்டி ஓட்டக் கூடாதுங்க. மொபெட், பைக் எதுவுமே."

"சைக்கிள்?"

"ரோட்டுல வேண்டாம்."

"எவ்ளோ நாளைக்குங்க?"

"ஆறு மாசம் பார்க்கலாம். கொஞ்சம் திரும்பி வந்தா அதுக்குள்ள வரும். வராமலும் போகலாம்."

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார். அதை எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்தக் கூடாது. இதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

*

மொபெட்டை விற்றேன். வாடகை அறையைக் காலி செய்துவிட்டு சேவூரில் அக்கா வீட்டில் தங்கினேன்.

ஆரணிக்குப் போவதே பெரிய பாடாக இருந்தது. பஸ் போர்டில் பாதி எழுத்துதான் தெரியும். ஆட்கள் என் மேல் மோதினார்கள். உண்மையில் நான்தான் அவர்கள் மேல் மோதினேன். வலப்பக்கம் நின்று வணக்கம் சொன்னவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. தாசுக்கு, அதாவது எனக்கு, திமிர் வந்துவிட்டது என்று பேச்சு வந்தது. கை கால் விழுந்திருந்தால் இரக்கப்பட்டிருப்பார்கள். நான் பார்க்க நன்றாக இருந்தேன். டீக்கடையில் ஒருமுறை என் வலது பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் போனில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு வெளியே போவதைக் குறைத்தேன். அக்கா காலையில் அங்கன்வாடிக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் மதியம்வரை கேட்கும், பிறகு நிற்கும், பிறகு மறுபடி கேட்கும். நாளை அந்தச் சத்தத்தால் அளந்தேன். சாவதைப் பற்றி நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். எதைப் பற்றியும் நினைக்கவில்லை. அது அதைவிட மோசம்.

ஒரு நாள் மதியம் எழுந்து நடந்தேன். வயலைத் தாண்டினால் ஏரி. கரையின் மேல் அந்த வருடம் புதிதாகக் கிராவல் கொட்டி உருளை விட்டிருந்தார்கள். கிராவல் என்று எங்கள் பக்கம் சொல்வது சிவப்புச் சரளை மண்ணை. நேராக, சமமாக, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை போயிற்று. இடப்பக்கம் தண்ணீர். வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். கரைச் சரிவு, பனைமரங்கள், அதற்குக் கீழே நெல். வண்டி இல்லை. ஆளும் இல்லை. என் வலப்பக்கத்திலிருந்து என்மேல் வந்து மோத அங்கே ஒன்றுமே இல்லை.

அன்று மாலையே மாமாவின் பழைய கேரியர் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். அக்கா வந்து பார்த்தாள். சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காவே முந்திக்கொண்டாள். "டாக்டரம்மா, இவன் ஏரிக்கரை மேல சைக்கிள் உடணும்ன்றான். வாணாம்னு சொல்லுங்க."

மருத்துவர் சிரித்தார். "அங்க வண்டி வருமா?"

"ஆடு வரும்" என்றேன்.

"ஹெல்மெட் போட்டுக்கணும். மெதுவா போகணும். முதல்ல ஒரு ஆள் கூட இருக்கணும். வலது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே ஓட்டப் பழகணும்" என்றார். தலையைத் திருப்பும் பயிற்சியை (பார்வை போன பக்கம் அடிக்கடி கண்ணையும் கழுத்தையும் கொண்டுபோவது) அங்கேயே ஒரு பெண் சொல்லிக்கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பினோம். சேவூரில் இறங்கியதும் அக்கா சாவியை எடுத்தாள்.

"சரி, உடு. நான் பின்னாடி குந்திகினு வரேன். உழுந்தா ரெண்டு பேரும் உழுவோம்."

"உன்ன வெச்சுகினு மிதிக்க எனக்குத் தெம்பு இல்லக்கா."

"அப்ப ஊட்லயே கெட."

எங்கள் ஊரில் பெண்கள் கேரியரில் இடப்பக்கம் கால் போட்டு உட்காருவார்கள். அக்கா வலப்பக்கம் கால் போட்டு உட்கார்ந்தாள். என் வலப்பக்கத்தை அவள் பார்த்துக்கொள்வதற்காக. நான் மிதித்தேன். சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடியது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா டீச்சரம்மா, திருப்பிகினு குந்திகிறீங்க, எங்க சவாரி?" என்றார். "இவன் வலது கண்ணு நானு. நீ உன் மாட்டப் பாரு" என்று அக்கா கத்தினாள்.

நாலைந்து நாள் அப்படி வந்தாள். "மரம்", "குழி", "நாய், நாய், நிறுத்துறா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மதகு (ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறக்கும் இடம்) வரும்போது என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். கடைசி நாள் பாதி தூரம்வரை அவள் ஒன்றுமே சொல்லவில்லை. தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன்.

"இல்லடா. சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. பாத்துகினேதான் வரேன். ஒண்ணுமே இல்ல இந்தப் பக்கம்." இறங்கிக்கொண்டாள். "போ. நான் நடந்து வரேன். கால் மரத்துப் போச்சு."

நான் போனேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் அதே இடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

*

அதன் பிறகு வழிகளைத் தேடினேன். எனக்குத் தெரிந்த வேலை அது. ஓர் ஏரிக்கரை முடிகிற இடத்தில் ஒரு கால்வாய்க் கரை இருக்கும். கால்வாய் அடுத்த ஏரிக்குப் போகும். தார் ரோடு போடும் முன்பு தண்ணீர் போன வழி அது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர்களை வெளியிலிருந்தே சுற்றிப் போய்விடலாம்.

உங்களுக்கும் என்னைப் போல் ஒரு பக்கம் போயிருந்து, மருத்துவரும் சரி என்றால், நான் கற்றதைச் சொல்கிறேன். கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் கட்டு) வரும்போது இறங்கிவிடுங்கள். அதில் கைப்பிடி இருக்காது. பாசி வழுக்கும். கரையின் நடுவில் ஓட்ட வேண்டாம். தெரியாத பக்கத்தில் சரிவு இருந்தால் தெரிகிற பக்கத்து ஓரமாகவே ஓட்டுங்கள். கருவேல முள் டயரில் ஏறும், பஞ்சர் ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்று மணலில் யாராலும் மிதிக்க முடியாது, தள்ளித்தான் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் டிராக்டர் வரும். அதன் சத்தம் தூரத்திலேயே கேட்கும். ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது எப்போதும் சரியாகச் சொல்லாது. நின்று, இறங்கி, முழு உடம்பையும் திருப்பிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். அங்கே உங்களைப் பார்க்க யாரும் இல்லை.

யாரும் இல்லை என்பது முதலில் நிம்மதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரணமல்லூர் பக்கத்தில் ஒரு கரைமேல் சைக்கிள்காரர்கள் வந்தார்கள். வேலூரிலிருந்து வந்த பையன்கள். தடித்த டயர், வளைந்த ஹேண்டில்பார். கிராவல் பைக்கிங் என்றார்கள். வண்டி நெருக்கடி இல்லாத மண் வழியாகத் தேடிப்போய் ஓட்டுவார்களாம்.

"அங்கிள், இந்த ரூட்டு மேப்லயே இல்ல. எப்டி கண்டுபுடிச்சீங்க?"

சொன்னேன். அடுத்த ஏரிக்கு எப்படிப் போவது, எங்கே இறங்க வேண்டும், எந்த இடத்தில் நாய் உண்டு என்று எல்லாம் சொன்னேன். அவ்வளவு நேரம் ஒருவரிடம் நான் பேசி வெகு நாளாகியிருந்தது.

"நீங்களே கூட வாங்களேன் அங்கிள். செமையா இருக்கும்."

போனேன். இடப்பக்கத்தில் இரண்டு பேர் தெரிந்தார்கள். மற்றவர்கள் குரலாக மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். கேலி பேசிக்கொண்டார்கள். நானும் ஏதோ சொன்னேன், சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம். தலையைத் திருப்ப மறந்தேன். கரை லேசாக வளைந்த இடத்தில் நான் வலப்பக்கம் சாய்ந்தேன். அங்கே ஒரு பையன் இருந்தான். அவன் சரிவில் உருண்டான்.

பெரிய அடி இல்லை. முழங்காலில் தோல் போயிருந்தது. "பரவால்ல அங்கிள், கிராவல்ல இதெல்லாம் சகஜம்" என்று அவனே சொன்னான். என் நோயைச் சொன்னேன். ஒருவன் தண்ணீர் கொடுத்தான். பிறகு அவர்கள் எனக்கு முன்னால் வரிசையாக, மெதுவாகப் போனார்கள். எனக்காக மெதுவாகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பஞ்சர் என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன். அவர்கள் ஒட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

வண்டி வராத வழி என்று நான் தேடியது என்னவென்று அன்று புரிந்தது. துணையும் எனக்கு ஒரு வண்டிதான். வலப்பக்கம் ஆள் இருந்தால் என்னால் ஓட்ட முடியாது.

*

ஆறு மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. பொரியலைக் கண்டுபிடித்துவிடுகிறேன். பஸ் போர்டைப் படித்துவிடுகிறேன். மரங்களில் மோதுவதில்லை. வலது பாதி திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். திரும்பியிருந்தால் ரோட்டுக்குப் போகலாம். ஆட்களோடு போகலாம்.

பார்வைப் பரப்புச் சோதனை (எந்த இடம்வரை கண் பார்க்கிறது என்று வரைபடம் எடுப்பது) செய்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, தாடையைக் கட்டையில் ஊன்றி, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். இடப்பக்கம் மின்னியது, மின்னியது. பிறகு வெகுநேரம் ஒன்றும் மின்னவில்லை. இயந்திரம் மட்டும் கிர்ர் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "இல்லீங்க, அது போட்டுக்கிட்டுதான் இருக்கு" என்றார் அந்தப் பெண்.

படத்தில் வலது பாதி முதல் முறை இருந்த மாதிரியே கறுப்பாக இருந்தது.

"ஆனா நான் பாக்குறேங்களே" என்றேன்.

"நீங்க திரும்பிப் பாக்குறீங்க" என்றார் மருத்துவர். "அதுவும் நல்லதுதான். நிறைய பேருக்கு அந்தப் பழக்கம் வர்றதில்ல. ஆனா பார்வை வரலை. இனி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அக்கா அவளுடைய பையைத் திறந்தாள், மூடினாள். வெளியே வந்து வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தாள். என் இடப்பக்கமாக வந்து நின்று கொடுத்தாள். அந்த ஆறு மாதத்தில் அவளுக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது.

*

அதற்கு அடுத்த மாதம் தேசூர்வரை தனியாகப் போவது என்று முடிவு செய்தேன். ஏன் தேசூர் என்றால் காரணம் இல்லை. அவ்வளவு தூரம் என்னால் இன்னும் போக முடியுமா என்று தெரிய வேண்டும். வழியில் பெரணமல்லூர் தாண்டியதும் ஒரு தார் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். அதற்கு மாற்று வழி தேடி அலுத்துவிட்டேன், இல்லை. அக்காவிடம் சொன்னேன். திட்டினாள். பிறகு, "தாண்டுனதும் போன் பண்ணு. தாண்டாத முன்ன பண்ணாத, பேஜாராயிடும்" என்றாள்.

விடிந்ததும் கிளம்பினேன். ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக் கடந்தேன். வெயில் நன்றாக ஏறிய பிறகு தார் ரோட்டுக்கு வந்தேன். கால்வாய்க் கரை அங்கே அறுந்து எதிர்ப்பக்கம் தொடர்ந்தது. ரோட்டோரம் நின்றால் முதலில் வண்டி வருவது வலப்பக்கமிருந்து. எனக்கு இல்லாத பக்கம்.

இறங்கினேன். ரோட்டைப் பார்த்து நிற்காமல், வலப்பக்கம் முழு உடம்பையும் திருப்பி நின்றேன். இப்போது ரோடு என் இடப்பக்கம் வந்துவிட்டது. லாரி, பஸ், கடலை மூட்டை ஏற்றிய வேன். ஓய்ந்ததும் மறுபக்கம் திரும்பினேன். திரும்பிய நொடியில் முதலில் பார்த்த பக்கம் பழசாகிவிட்டது. மறுபடி திரும்பினேன். இப்படியே எவ்வளவு நேரம் என்று தெரியாது. பழைய தாசாக இருந்தால் கத்திவிட்டுக் குறுக்கே பாய்ந்திருப்பான். இந்த உடம்புக்குக் காத்திருப்பது கஷ்டமாகவே இல்லை. கடைசியில் சத்தம் முழுவதும் அடங்கிய ஒரு நேரம் வந்தது. தள்ளிக்கொண்டு போனேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தைகள் இரைச்சல்.

"தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்."

"சரி, வை. சோறு போட்டுகினு கீறேன்."

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கரைமேல் யாரும் வரவில்லை. ஒரு புங்கமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். கொண்டுபோன சோற்றைத் தின்றேன். பிறகு நான் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். தனியாக ஓட்டி ஓட்டி அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பையன் உருண்டதைப் பற்றி, மருத்துவர் சொன்னதைப் பற்றி, வராது, இனி வராது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன்.

"அண்ணே, யாருகூட பேசிகினு கீற?"

தலையை வலப்பக்கம் திருப்பினேன். கரைக்குக் கீழே வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. மண்ணும் இலையுமாகப் பெரிய கொல்லை. அதில் ஏழெட்டுப் பெண்கள் களைவெட்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"யாருகூடயும் இல்லமா" என்றேன்.

அவர்கள் மறுபடி குனிந்தார்கள். நான் உடனே முன்பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவர்கள் போய்விடுவார்கள். கழுத்து வலிக்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.